ஈக்களுக்கு வந்த கடிதம்

எனது நாட்குறிப்புகளில் ஒரு பக்கம் முழுவதும் ஒரு பூவின் அளவுகள் இருக்கின்றன. மொத்தம் பதினான்கு. மடலின் உயரம் இருபத்தெட்டு சென்ரிமீற்றர், வாயகலம் முப்பத்தொன்று, நடுத்தண்டின் உச்சியில் இருந்த சுருங்கிய முடியின் சுற்றளவு ஐம்பத்திரண்டு. நிறை, தபாலகத்துப் பொதித் தராசில், ஒரு கிலோ நூற்றெண்பது கிராம். நிறங்களையும் எழுதியிருக்கிறேன். மடலின் வெளிப்புறம் பச்சையில் வெள்ளைப் புள்ளிகள், உட்புறம் விளாம்பழத்துச் சதை, முடி மாட்டீரல். தொடங்கிய நேரம் பிற்பகல் இரண்டு இருபது, முடித்த நேரம் இரண்டு முப்பத்தைந்து. ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு அளவிலும் பிசகில்லை. முப்பது வருடமாக நாள் தவறாமல் எழுதி வருகிறேன். அந்தப் பக்கத்தைப் போல என்னை வெட்கப்பட வைத்த பக்கம் வேறு கிடையாது.

அது ஒன்பது வருடத்துக்கு முந்திய வைகாசி மாதம். குருக்கள்மடத்துக்கு அப்பால், வாவியை ஒட்டிய எங்கள் ஊரின் உப தபாலகத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். மூன்று பேர் கொண்ட அலுவலகம். தபாலதிபர் மட்டக்களப்பு நகரத்து மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பெண்மணி. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஊரெல்லாம் அவரை மிஸ் என்றுதான் சொல்லும், நானும் அப்படித்தான். மூன்றாமவர் ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் தபால்காரர். வயதில் என்னைவிட மூத்தவர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவர்.

தபாலகத்தின் பின்கதவைத் திறந்தால் பத்து எட்டில் வாவி. கதவுக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டு நிலத்தில் மிஸ் நாற்பத்தொரு வாளிகளில் செடி வளர்த்தார். பெயின்ற் வந்த பழைய வாளிகள். அத்தனையும் கரணைக் கிழங்கின் உறவுகள். ஓடைக் கரையில் சேற்றுக்குள் முளைப்பவை, மாமர நிழலில் மழைக்குப் பின் தலைகாட்டும் சின்னஞ்சிறியவை, காட்டோரத்தில் பாம்புத் தோல் போன்ற தண்டோடு நிற்பவை. சாப்பாட்டுக்காக எவரும் வளர்க்காதவை, பூத்தால் நாறுபவை. மிஸ்ஸுக்கு அந்த நாற்றம்தான் விலாசம். ஒவ்வொரு வாளியிலும் கழித்துப்போட்ட தபால் பைச் சீட்டொன்று தொங்கும். அதில் கிடைத்த இடம், கிழங்கின் நிறை, பூத்த நாள், நாற்றத்தின் தன்மை எல்லாம் அவரது சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். "காலையில் மாட்டுச்சாணி, வெயில் ஏற ஒன்றுமில்லை" என்று ஒன்று. "செத்த எலி, இரண்டாம் நாள்" என்று இன்னொன்று. "நாய் வந்து பார்த்தது" என்றுகூட ஒன்று இருந்தது.

ஊர்ச்சனம் எங்கள் அலுவலகத்தை நாத்தக் கந்தோர் என்று சொல்லும். ஆனாலும் வயலுக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் எதையாவது கண்டால் பிடுங்கிவந்து முத்திரை விற்கும் யன்னலில் வைத்து, "மிஸ், இது நாறுமா எண்டு பாருங்க" என்பார்கள். மிஸ் தண்டைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பா, வழவழப்பா என்பது அவருக்கு முதல் கேள்வி. அதன் பிறகு அரை மணி நேரம் கையைச் சொறிந்துகொண்டே மணியோடர்களில் முத்திரை குத்துவார். ஒருநாள் நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனபோது சொன்னார்: "அது ஈக்கு எழுதின காயிதம், தம்பி. நமக்கு வந்ததில்ல. மத்தாக்களுக்கு வந்த காயிதத்துக்கு நாம ஏன் மூக்கப் பொத்துற?"

செடிகளைப்பற்றி எனக்குப் பாடம் எடுக்கும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. நானாகக் கேட்டால் ஒரு சொல் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் அளவெடுப்பதை மட்டும் என்னிடம் விட்டிருந்தார். கோடையில் இலை பட்டதும் கிழங்குகளைத் தோண்டி, மண் தட்டி, பொதித் தராசில் ஒவ்வொன்றாக வைப்பார். நான் எழுதுவேன். பின்னேரக் காற்றில் வாவித் தண்ணீர் படிக்கட்டில் அடித்துக்கொண்டிருக்க, தபால்காரர் ஒரு பெரிய கிழங்கைக் கையில் ஏந்தி, "இதுக்கு எத்தனை ரூபா முத்திரை ஒட்டணும் மிஸ்?" என்று கேட்க, நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என் வேலைக் காலத்தில் அதைவிட நல்ல பின்னேரங்களை நான் கண்டதில்லை.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்றுமட்டும் பெயரில்லாமல் நின்றது. வாகரைப் பக்கத்துக் காட்டோரத்திலிருந்து யாரோ தேன் எடுக்கப் போனவர் கொண்டுவந்த கிழங்கு. வருடத்துக்கு ஒரு இலை விட்டது, பூக்கவில்லை. தண்டு வீட்டுக் கரணையைப்போல முழுதும் சொரசொரப்பாகவும் இல்லை, காட்டில் கிடைக்கும் மற்றதைப்போல வழவழப்பாகவும் இல்லை. மிஸ் தன்னிடமிருந்த பழைய தாவர நூல்களை எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது இது. வெளித்தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பூ விரிந்த பிறகு மடலின் அடியை வெட்டித் திறந்து, குழிக்குள் தண்டைச் சுற்றி நெருங்கி நிற்கும் சிறிய பெண்பூக்களைப் பார்க்கவேண்டும். அவற்றின் காம்பு நீளமா குட்டையா, நுனி எத்தனையாகப் பிளந்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அந்த விடைக்காக ஏழு வருடம் காத்திருந்தார். அந்தச் சித்திரையில், வெறும் கிழங்கின் மேல் வழக்கமான ஒல்லிக் கூர்முளைக்குப் பதிலாக, உருண்டு தடித்த மொட்டு வந்தது. அதைக் கண்ட அன்று மிஸ் எங்களுக்குப் பிளேன்ரீயோடு கேக் வாங்கித் தந்தார்.

இனி எங்கள் கோயிலைப்பற்றிச் சொல்லவேண்டும். ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் ஒரு கிழமைதான் திறக்கும், வைகாசியில். அந்தக் கிழமை முழுவதும் ஊருக்குள் எவரும் மீன் மச்சம் காய்ச்சுவதில்லை. வாவியில் தோணி இறங்காது. மீன்சட்டிகளைக் கழுவி வெளியே கவிழ்த்துவிடுவோம். ஒவ்வொரு நாள் சடங்கும் ஒவ்வொரு குடிக்குரியது. தாய்வழியாக வரும் குடி. அந்த நாளில் ஏதும் குறை நேர்ந்தால் அந்தக் குடியின் தலையில்தான் விடியும். எங்கள் குடியின் வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், என் தாயின் மூத்த சகோதரர். நான் அவரைப் பெரியமாமா என்பேன்.

பூ விரிந்த நாள் எங்கள் குடியின் நாள்.

அன்று மிஸ்ஸுக்கு நகரத்தில் கூட்டம். காலை ஒன்பதரை பஸ்ஸுக்குப் போகுமுன் வாளியருகே குந்தி, மடலின் ஓரம் நெகிழ்ந்திருப்பதைப் பார்த்தார். "இண்டைக்குப் பின்னேரம் விரிஞ்சிரும். நான் நாலு மணிக்கு வந்திருவன். அதுமட்டும் தொடாதீங்க தம்பி" என்றார். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து, "என்ன நாறினாலும்" என்று சேர்த்துச் சொன்னார்.

அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே விரிந்தது. பகல் ஒன்றரைக்கு முதல் வீச்சு யன்னலால் வந்தது. வெயிலில் மூன்று நாள் கிடந்த மணலை மீன் எப்படி நாறுமோ அப்படி. கச்சான் காற்றுக் காலம், காற்று வாவிப் பக்கமிருந்து நேராகக் கோயில் வீதிக்குப் போயிற்று. இரண்டு மணிக்குத் தபால்காரர் கடிதம் கொடுத்துவிட்டு வந்து தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்:

"கோயிலடியில சட்டி சட்டியா மோந்து திரியிறாங்க தம்பி. ஆரோ மீன் காய்ச்சிட்டாங்களாம். இடியப்பக்கார அக்காட அடுப்படிக்கப் போய், கவுத்து வெச்ச சட்டிய எடுத்து மோந்து, மணக்குது எண்டுட்டாங்க."

இடியப்பக்கார அக்கா கோயிலுக்குப் பின்புறம் தனியே இருந்தவர். கணவர் இறந்த பிறகு இடியப்பம் அவித்து விற்றுப் பிழைத்தார். சடங்குக் கிழமையில் பொங்கலுக்கு நெல் குற்றும் பெண்களில் அவர்தான் முதல் உலக்கை போடுபவர். அவருடைய தாய்க்கும் அந்த இடம் இருந்தது.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அவட வாய் தெரியாதா? 'வரிசம் முழுக்க மீன் காய்ச்சிற சட்டி, மோந்தா மீன் மணக்காம மல்லிகைப்பூவா மணக்கும், அறுவானுகளே' எண்டு பேசுறா. ஆனா அழுதுகொண்டுதான் பேசுறா. போய்ச் சொல்லுங்க தம்பி, இது நம்மட சாமானெண்டு. ஒரு சொல்லுத்தானே."

ஒரு சொல்தான். கோயில் இருநூறு மீற்றர் தூரம். நான் போயிருக்கலாம். ஆனால் என் மனம் வேறு கணக்குப் போட்டது. எங்கள் குடியின் நாளில், எங்கள் குடியைச் சேர்ந்த நான் வேலை செய்யும் இடத்திலிருந்து இந்த நாற்றம் போனது என்று தெரிந்தால் பெரியமாமா மற்றக் குடிகளின் முன்னால் எப்படி நிற்பார்? நான் தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்தேன். தபால்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மிஸ் வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். "அளந்து எழுதி வைக்கிறன்" என்றேன். அப்போது அது எனக்கு உண்மையாகவே சரியான பதிலாகத் தோன்றியது. எழுதிவிட்டால் பூ போனாலும் போகாதது மாதிரித்தான் என்று நினைத்தேன்.

பதினைந்து நிமிடத்தில் பதினான்கு அளவுகளை எடுத்து முடித்தேன். வீதியில் ஆட்களின் சத்தம் கேட்டதும் பூவைத் தூக்கி வாவிக்குள் எறிந்தேன். தராசைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். காற்றில் நாற்றம் மெல்லக் குறைந்தது. பெரியமாமா சால்வையால் மூக்கைப் பொத்தியபடி யன்னலுக்கு வந்தார்.

"மருமகன், இஞ்சால ஏதும் மணக்குதா?"

"இல்ல மாமா."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மிஸ் வந்தார். நேரே பின்பக்கம் போனார். வெட்டுவாயோடு நின்ற கிழங்கைப் பார்த்தார். நான் பக்கத்தை நீட்டினேன். நின்ற நிலையிலேயே மேலிருந்து கீழாக ஒரு வரி விடாமல் வாசித்தார். "எல்லாம் வடிவா எழுதியிரிக்கீங்க தம்பி" என்றார். பிறகு, "உள்ளுக்குப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. மடலின் அடியை வெட்டித் திறக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏழு வருடம் காத்திருந்த அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளந்திருந்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ வேறொன்றைக் கேட்டார். பஸ் தரிப்பில் தபால்காரரைக் கண்டிருக்கிறார். "அந்த அக்காட சட்டிய மோந்தாங்களாமே?" கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கோயில் வீதிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். கோயில் எல்லையில் வேப்பிலைத் தோரணத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. பெரியமாமாவை அழைப்பித்து, நாற்றம் தன் செடியின் பூவிலிருந்து வந்தது, அந்த அக்காவின் சட்டியில் ஒன்றுமில்லை என்று சொன்னார்.

பெரியமாமா மரியாதையாகத்தான் கேட்டார். "மிஸ், நீங்க நல்ல மனிசி. ஒரு ஏழப் பொம்புளைக்காகச் சொல்லுறீங்க, எனக்கு விளங்குது. உங்கட பூ நாறும் எண்டு தெரியும், ஆனா கோயிலடிமட்டும் மீன் மாதிரி நாறுமா? எங்க, அந்தப் பூவக் காட்டுங்க பாப்பம்."

மிஸ் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் தோரணத்தின் வேப்பிலையைப் பார்த்தேன்.

"வெட்டியாச்சு" என்றார் மிஸ். யார் வெட்டியது என்று சொல்லவில்லை.

"அப்ப என்ன செய்ற?" என்று பெரியமாமா கையை விரித்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அன்று மாலை நெல் குற்றும் நேரத்தில் ஒரு பெண் இடியப்பக்கார அக்காவிடம் போய், "உங்களுக்குக் களைப்பா இரிக்கும், இந்த முறை வராட்டியும் பரவாயில்ல" என்று சொன்னாராம். அடுத்த வருடம் அதையும் எவரும் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. ஒவ்வொரு வைகாசியிலும் உலக்கைச் சத்தம் கேட்கும்போது அவர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். நான் காலையில் இடியப்பம் வாங்கப் போவேன். "எத்தினை?" என்று கேட்பார். "இருபது" என்பேன். அதற்குமேல் எங்களிடையே பேச்சில்லை, என் பங்கைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்றபோதிலும்.

மிஸ் அதன் பிறகு இரண்டு வருடம் என்னோடு வேலை செய்தார். அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. கிழங்குகளை நிறுத்தார், நான் எழுதினேன், தபால்காரர் பகிடி விட்டார். ஓய்வுபெற்ற நாளில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நாற்பது வாளிகள் ஏறின. வாகரை வாளியை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தார். "இது உங்களிட்ட இரிக்கட்டும்" என்றார்.

ஏழு வருடம் அதை என் வீட்டுப் பின்வளவில் வளர்த்தேன். ஒவ்வொரு கோடையிலும் தோண்டி நிறுத்தேன். வெட்டுக்குப் பிறகு இரண்டு கிலோவுக்கு இறங்கிய கிழங்கு, போன வருடம் ஆறு கிலோ முந்நூறைத் தொட்டது. இந்தச் சித்திரையில் ஒருநாள் காலை, மண்ணைக் கிளப்பிக்கொண்டு உருண்ட மொட்டு நின்றது. சடங்குக்கு மூன்று கிழமை இருந்தது. நான் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த அக்காவுக்குச் சொன்னீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல மிஸ்."

"அப்ப எனக்கேன் முதல்ல சொன்னீங்க?"

அன்று பகலே போனேன். இடியப்பக்கார அக்கா மாக் குழைத்துக்கொண்டிருந்தார். படலையில் நின்றபடி தொடக்கத்திலிருந்து சொன்னேன். கத்தியைச் சொன்னேன், வாவியைச் சொன்னேன், பெரியமாமாவுக்குச் சொன்ன பொய்யைச் சொன்னேன், வேப்பிலையைப் பார்த்து நின்றதையும் சொன்னேன். அவர் குழைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒம்பது வரிசமா என்ட கையால இடியப்பம் வாங்கித் திண்டாய், என? அண்டைக்கே சொல்லியிருந்தா ரெண்டு கூட வெச்சுத் தந்திருப்பன், மனே."

"பூ விரியிற அண்டைக்கு வாங்க அக்கா" என்றுமட்டும் சொன்னேன். பெரியமாமாவிடமும் அதே கதையை அதே ஒழுங்கில் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி கண்ணை மூடிக் கேட்டார். "நீயா?" என்று ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான்.

அந்தச் செடி என்ன இனம் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அரியது ஒன்றுமில்லை. நாம் கறி வைக்கும் கரணையின் காட்டு உறவுதான், நிழலில் வளர்ந்ததால் தண்டு கொஞ்சம் மாறியிருக்கிறது. மிஸ் அதைக் கேட்டுச் சிரித்தார், ஏமாந்தவரின் சிரிப்பாக அது இருக்கவில்லை. ஆனால் அந்த விடை அன்றைய நாளின் கடைசிக் காரியம். அதற்கு முன் நடந்தது இது.

சடங்கு தொடங்க இன்னும் நாலு நாள் இருக்கையில் பூ விரிந்தது. அன்று மிஸ் மதிய பஸ்ஸில் வந்தார். முழங்கால் வருத்தம், என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். மூன்றரைக்கு நாற்றம் எழுந்தது. வாளியருகே நான் கதிரை போட்டுக் கொடுக்க, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் மடலின் அடியைத் திறக்கக் குனிந்தபோது கையைத் தட்டிவிட்டார். "பொறுங்க. முதல்ல அவங்க மோக்கட்டும்."

பெரியமாமா பொல்லை ஊன்றி வந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. மூக்குக்கு ஒன்றுமில்லை. வேலியைத் தாண்டும்போதே நின்றுவிட்டார். சால்வை மூக்குக்குப் போய், பாதியில் இறங்கியது. கிட்ட வந்து, குனிந்து, இழுத்து மோந்தார். "ஓம்" என்றார். "இதுதான். அண்டைக்கு மணந்தது இதுதான்."

இடியப்பக்கார அக்கா அவருக்குப் பின்னால் நின்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பூவைப் பார்த்தார். மாட்டீரல் நிறத்தில் மனிதத் தலையளவு முடி, அதன்மேல் ஈக்கள். "இந்த அறுவான் பூவுக்காகா என்ட சட்டிய..." என்று தொடங்கியவர் முடிக்காமல் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணால் தண்ணீர் ஓடியது, அது எப்போது சிரிப்பிலிருந்து மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"நான் பிழ விட்டுட்டன் புள்ள" என்றார் பெரியமாமா.

அக்கா முகத்தைத் துடைத்தார். "இஞ்ச வெச்சுச் சொல்லாதீங்க வண்ணக்கர். சட்டிய மோந்தது என்ட அடுப்படியில."

பெரியமாமா அவரது வீட்டுப் பக்கம் திரும்பினார். பொல்லை ஊன்றி மெல்ல நடக்க, அக்கா பின்னால் போனார். எங்கள் பின்வேலியால் பார்த்தால் அவரது அடுப்படி வாசல் தெரியும். நான் அங்கே போகவில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, பிறகு கேட்கவுமில்லை. நான் கண்டது இவ்வளவுதான். பெரியமாமா வாசலில் நின்று தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அக்கா உள்ளே போய், நெல் குற்றும் உலக்கையைத் தூக்கி வந்து, தூசி தட்டி, பின்னேர வெயில் படும்படி சுவரில் சாத்தினார்.

மிஸ்ஸும் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மடியிலிருந்த கத்தியை எடுத்துப் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"இப்ப வெட்டுங்க தம்பி."